குவாலிட்டி அண்ணனுக்கு வேர்த்த ஞாயிற்றுக்கிழமை

ஒரு பழுதைக்கூடச் சரிசெய்யாமலே பெரிய மெக்கானிக் என்று பெயர் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொரட்டூரில் இருந்தார். ஏரிக்கரைப் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "குவாலிட்டியா? அவரு கை வச்சாருன்னா..." என்று கம்பீரமாக ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிடுவார்கள். அவர் கைவைத்து யாரும் பார்த்ததில்லை.

பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அது அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் குவாலிட்டி அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. மெஷினிலிருந்து வந்து விழும் ஒவ்வொரு சாமானையும் அளந்து பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரித்துப் போட வேண்டும். ஷிப்ட் முடிந்தால் மற்றவர்கள் யூனிஃபார்மோடு வேலையையும் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். இவர் யூனிஃபார்மை மட்டும்தான் கழற்றுவார். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் இவர் வெர்னியர் வைத்திருப்பார். சாமானின் கனத்தை இரண்டு தாடைகளுக்கு நடுவே கவ்வி அளக்கிற இரும்புக் கருவி அது. டீக்கடையில் மசால்வடை வாங்கினால் முதலில் அதைக் கவ்வுவது வெர்னியர்தான்.

"இன்னா மாஸ்டரு, நேத்து இருந்ததுக்கு இன்னிக்கு எளச்சிக்கீதே. வடைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"துன்னுட்டுப் போ நைனா, காலங்காத்தால."

ரிஜெக்ட் ஆன வடையை அவரே தின்றுவிடுவார். ஓகே ஆன வடையையும்தான்.

ஓய்வு நேரத்தில் அக்கம்பக்கத்து மிக்ஸி, மோட்டார், ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எதற்குக் கூப்பிட்டாலும் வருவார். ஆனால் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கோளாறை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஸ்க்ரூவைக் கழற்ற மாட்டார். "கேட்டுகினு தொறக்கறவன் நல்லா கீறதையும் சேத்துக் கெடுப்பான். அது தன்னால வெளிய வரணும். நான் கண்ணால பாக்கணும்."

எதிர் பிளாக்கில் ஒரு டீச்சர். அவர் வீட்டு ஃபிரிட்ஜ் எப்போதாவது புலி மாதிரி உறுமும். அண்ணனைக் கூப்பிட்டார்.

"எப்போ உறுமும்?"

"எப்பவாவதுதான்."

"எப்பவாவதுன்னா?"

"அது தெரிஞ்சா நான் ஏன்ப்பா உன்னைக் கூப்பிடப் போறேன்?"

"கரெக்ட்டு. நீங்க வேலையப் பாருங்க டீச்சர். நான் கீறேன்."

நாற்காலியை இழுத்து ஃபிரிட்ஜுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது, சாப்பாடு வந்தது, சாயங்காலம் உப்புமா வந்தது. ஃபிரிட்ஜ் மூச்சு விடவில்லை. ஆறுதலாக அதன் கதவைத் தட்டிக்கொடுத்து, "ஃபிரிட்ஜ் ஓகே" என்று தீர்ப்பளித்துவிட்டுப் படியிறங்கினார். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மேலே உறுமல் கேட்டது. டீச்சர் பால்கனிக்கு ஓடிவந்து கத்த, இவர் மூச்சிரைக்க மேலே ஓட, அது கப்சிப். "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ நான்கூட அவ்ளோ அடக்கமா நின்னதில்லை" என்று டீச்சர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்டவரை ஏன் எல்லோரும் மறுபடி மறுபடி கூப்பிட்டார்கள் என்றால், அவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடியது. எங்கள் தெருவின் இயந்திரங்களுக்கு அவர் ஹெட்மாஸ்டர் மாதிரி.

என் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் வந்தார். வந்திருக்கவே வேண்டாமே என்று சில நாள் நினைப்பேன். அது சரியாகியிருக்கவே வேண்டாமே என்று பல நாள் நினைப்பேன்.

எங்கள் குடும்பம் அப்பாவின் வேலைக்காகக் கோவில்பட்டியிலிருந்து வந்து கொரட்டூர் ஃபிளாட்டில் குடியேறியது. நான் வேலப்பன்சாவடியில் இன்ஜினீயரிங் படிக்கிறேன். அதுவும் கம்ப்யூட்டர். ஆனால் என் உயிர் விளையாட்டில்தான் இருக்கிறது. ஆகாயத்திலிருந்து நூறு பேர் ஒரு தீவில் குதித்து, ஒருவரையொருவர் சுட்டுத்தள்ளி, கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் ரக விளையாட்டு. பழைய பாகங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து நானே கட்டிய மெஷின் அது. நானே கட்டினேன் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தில் ஒரு பாதி அந்த மெஷினுக்கு இருந்திருந்தால் நன்றாக ஓடியிருக்கும்.

ஆட்டத்தின் முக்கால்வாசி வரை எல்லாம் நன்றாக இருக்கும். கடைசியில் மிஞ்சியவர்கள் நெருங்கி வந்து, நாலா பக்கமும் குண்டு வெடித்து, இதோ இப்போது ஜெயிக்கப் போகிறேன் என்கிற கட்டத்தில் திரை அப்படியே உறைந்துவிடும். ஸ்பீக்கரில் 'டர்ர்ர்' என்று ஒரே ஸ்வரம். பிறகு இருட்டு. பிறகு ஒன்றுமே தெரியாத குழந்தை மாதிரி தானே மறுபடி எழுந்து, "யூசர் நேம் என்ன?" என்று கேட்கும்.

அப்போது எங்கள் கல்லூரி டீமுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் டீமில் நாலாவது இடம் காலி. நான்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. கேப்டன் ஆவடிக்காரன், ஃபைனல் இயர். பயிற்சி ஆட்டத்தில் என் மெஷின் மறுபடியும் படுத்துக்கொண்ட அன்று ஹெட்ஃபோனில் அவன் குரல் வந்தது.

"இன்னா மா, திரும்பவும் தூங்கிருச்சா? ஜெயிக்கிற நேரம் பார்த்து கரெக்ட்டா படுக்குது பாரு, வெவரமான சிஸ்டம்."

"சீரியஸா சொல்றேன், ஏதோ ஹார்டுவேர் பிராப்ளம்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் செலக்‌ஷன் மேட்ச். அன்னிக்கு பாதில போனேன்னா, சாரி, வேற ஆளு ரெடியா கீறான்."

எனக்கு ஒரு வாரம்தான் கையில் இருந்தது. என்ன செய்யவில்லை சொல்லுங்கள்! ஃபார்மட் அடித்தேன். டிரைவர்களை மாற்றினேன். ரேமைக் கழற்றி, அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். பவர் சப்ளையைத் தோழியிடம் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அப்பாவும் சொன்னார்: "விளையாடாம இருந்தா ஆஃப் ஆகாதுல்ல? அப்போ மெஷின் நல்லாத்தான இருக்கு."

அம்மாதான், "அந்த ஃபிரிட்ஜுக்கு வந்த தம்பியக் கூப்பிட்டுப் பாப்பமே" என்றாள்.

வந்தார். இங்கே என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து உபசாரத்தை அவள் மூட்டை கட்டி ரயிலேற்றிக் கொண்டுவந்தவள். வீட்டுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், கேஸ் சிலிண்டர் போட வந்தவராக இருந்தாலும், சில மரியாதைகள் தப்பாது. ஆடாத நாற்காலி. வெள்ளி டம்ளரில் தண்ணீர். தட்டில் அடுக்கிய முறுக்கு. அப்பாவின் அறையிலிருந்து உருட்டிக்கொண்டு வரப்படும் ஸ்டாண்ட் ஃபேன். வந்தவர் முகத்துக்கு நேரே அதைத் திருப்பி, வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டுத்தான் "வாங்க தம்பி" என்பாள். வந்தவர் படியிறங்கிய அடுத்த கணம் ஸ்விட்ச் அணைந்து, ஃபேன் அறைக்குத் திரும்பிவிடும். கரண்ட் பில் வருவது விருந்தாளிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். வீட்டு ஆட்களான எங்களுக்கு எண்ணிப் பார்க்கிற வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் போதும்.

ஆக, ஹால் மூலையில் என் மேஜைக்குப் பக்கத்தில், தரையில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை ஒட்டி, ஆடாத நாற்காலியில் குவாலிட்டி அண்ணன் அமர்ந்தார். தலைமுடி காற்றில் பறக்க, முறுக்கை எடுத்து வெர்னியரில் கவ்வினார்.

"யக்கா, ஓவர்சைஸு. ரிஜெக்ட்டு." தின்றார்.

"ஏட்டி, தம்பிக்கு இன்னும் ரெண்டு ரிஜெக்ட்டு வையி" என்றாள் அம்மா.

பிறகு என்னிடம், "ம், ஆடு பாப்பா. நான் கண்ணால பாக்கணும்."

ஆடினேன். கடைசி வரை ஆடினேன். குண்டு மழை, புகை, நெருப்பு. ஜெயித்தேவிட்டேன். மெஷின் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஓடியது.

"இன்னும் ஒருவாட்டி ஆடு."

ஆடினேன். மறுபடி ஜெயித்தேன். சூடாகிறதோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. உள்ளே வெப்பம் எவ்வளவு என்று காட்டும் செயலி ஒன்றை அவர் முன்னாலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். சமர்த்தாக இருந்தது. "சூடு இல்லண்ணே" என்றேன். "சூடு ஓகே" என்றார். காரணங்களின் வரிசையில் முதலில் அடிபட்டது அதுதான். ஒருமுறை அடித்துவிட்டதை மறுபடி எடுத்துப் பார்க்கிற பழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது.

"மெஷின் ஓகே" என்று பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சாயங்காலம் ஆடினேன். கடைசிக் கட்டம். டர்ர்ர். இருட்டு.

மறுநாள் வந்தார். ஓடியது. போனார். நின்றது. அதற்கு மறுநாளும் அதே கதை. நான் போனில் வீடியோ எடுத்து அனுப்பினேன். "அத்த நான் ஒத்துக்க மாட்டேன் பாப்பா. செல்லுல பாக்கறது கண்ணால பாக்கறது ஆவாது" என்று பதில் வந்தது.

பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். "நீ நைசா ஆடற. கைப்பழக்கம். மெஷினுக்கு வலிக்கவே இல்ல. தள்ளு, நான் ஆடறேன்."

அவர் ஆடியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். விமானத்திலிருந்து எப்போது குதித்தாலும் நேராகத் தண்ணீரில்தான் விழுவார். "இன்னா பாப்பா இது, ஏரியாண்ட பொறந்து வளந்து ஒருவாட்டி கூட ஏரில வுழுந்ததில்ல நானு!" கரையேறியதும் துப்பாக்கியைத் தேட மாட்டார். முதலில் கண்ணில் படும் வீட்டுக்குள் நுழைந்து கதவைத் திறந்து திறந்து மூடுவார்.

"அண்ணே, சுடுறாங்க! ஓடுங்க!"

"இரு. இந்தக் கீலு ஒரு பக்கம் எறங்கிக்கீது பாரு. எவன் ஓகே பண்ணான் இத்த?"

கீலைப் பார்த்துக்கொண்டே செத்துப்போவார். ஒருமுறை ஒரு வீட்டின் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயடியில் குந்தியபடி, ஒரு குண்டுகூடச் சுடாமல் இருந்துவிட்டார். வெளியே தொண்ணூற்றெட்டு பேர் அடித்துக்கொண்டு மாண்டார்கள். இவர் இரண்டாம் இடம். என்னுடைய அதுவரையிலான வாழ்க்கையில் நானே மூன்று தடவைதான் அந்த இடத்துக்கு வந்திருந்தேன். "சண்டைன்னா உள்ள இருந்துக்கணும் பாப்பா. எங்க தெருவுல கத்துகினது" என்றார். அந்தக் கடைசிச் சண்டையிலும் மெஷின் நிற்காமல் ஓடியது.

இப்படியே வந்து வந்து, அவருடைய மரியாதைகள் ஒவ்வொன்றாகக் குறைந்ததை நான் கவனித்தேன். முதலில் வெள்ளி டம்ளர் போய் எவர்சில்வர் வந்தது. தட்டில் அடுக்கிய முறுக்கு போய், டப்பாவே வந்தது. 'வாங்க தம்பி' ஒருநாள் 'வாப்பா' ஆனது. அப்புறம் நான் ஆடிக்கொண்டிருக்க, அவர் மடியில் முறத்தை வைத்துவிட்டு அம்மா, "சும்மாதான இருக்க, இந்தப் பூண்டை உரி" என்றாள். உரித்தார். ஒவ்வொரு பல்லையும் வெர்னியரில் கவ்வி, பெரிசு சின்னது என்று இரண்டு குவியலாகப் பிரித்துக் கொடுத்தார். அன்றைய ரசத்தில் எந்தக் குவியல் போவது என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம்.

"சின்னது காரம் யக்கா. ரசத்துக்கு சின்னதுதான் ஓகே."

"எங்க வீட்டு ரசத்துக்கு ஓகே சொல்ல நீ யாரு?"

"குவாலிட்டி!"

அப்பா வேலை முடிந்து ரயிலிறங்கி வீடு திரும்பும்போது, "குவாலிட்டி வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுவார். வரவில்லை என்றால் அவர் முகம் லேசாக விழும்.

சனிக்கிழமை மாலைதான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது.

"அண்ணே, கோளாறைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். நீங்க இருந்தா ஓடுது. நாளைக்கு மேட்ச் முடியிற வரைக்கும் பக்கத்துல உக்காந்துக்கங்க. போதும்."

அவர் தலையைச் சொறிந்தார். மறுநாள் ஆடி ஞாயிறு. ஏரிக்கரையை ஒட்டின பழைய தெருவில்தான் அவருடைய சொந்தவீடு. அவர் தாத்தா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். அவர்கள் தெரு அம்மன் கோயிலில் அன்றைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். வருஷா வருஷம் அண்டாவிலிருந்து முதல் கரண்டி கூழைக் குடித்து, ஓகே சொல்பவர் அவர்தான். அவர் சொல்லாமல் அண்டா இறங்காது.

"இல்லன்னா விடுங்கண்ணே" என்றேன். குரல் எனக்கே நல்லாயில்லை.

"இன்னா, அழுவறியா? கூழு அடுத்த வருசமும் ஊத்துவாங்க. உன் மேட்ச்சு ஊத்துவாங்களா? வர்றேன் போ."

வந்தார். நெற்றி நிறைய மஞ்சள், கையில் ஒரு தூக்கு நிறையக் கூழ். "நான் குடிக்கல யக்கா. எங்க சின்னம்மா பையன் ஓகே சொல்லிட்டான். அவன் நாக்கு எனக்கு நம்பிக்க இல்ல" என்று வருத்தத்தோடு தூக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அவர் மடியில் ஒரு முறம் சின்ன வெங்காயத்தை வைத்தாள். நான் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

அந்த ஆட்டம் மாதிரி நான் ஆடினதே இல்லை. தூரத்துக் கோயிலின் ஒலிபெருக்கி ஹெட்ஃபோனைத் தாண்டி மெலிதாகக் கேட்டது. பக்கத்தில் வெங்காயம் உரிகிற சத்தம். எனக்கு என்ன பயம், அவர் இருக்கிறார். கேப்டன் விழுந்தான், மற்ற இரண்டு பேரும் விழுந்தார்கள். எங்கள் டீமில் நான் ஒருத்திதான் மிச்சம். எதிரே இரண்டு பேர்.

"மா, நீ மட்டும்தான். பொறுமையா. உன்னால முடியும் மா" என்றான் கேப்டன். முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

ஒருவனை வீழ்த்தினேன். இன்னொருவன் மரத்துக்குப் பின்னால் இருக்கிறான், அவன் முழங்கை எனக்குத் தெரிகிறது. குறிவைத்தேன்.

டர்ர்ர்ர்ர்.

இருட்டு.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முறம் கவிழ்ந்தது. குவாலிட்டி அண்ணன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

"வந்துச்சு! வந்துச்சு பாப்பா! பாத்துட்டேன்! என் கண்ணால பாத்துட்டேன்! யக்கா, ஓடியா, கோளாறு வந்துச்சு!"

ஹால் முழுக்க வெங்காயம் உருண்டது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். தூக்கின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெதுவாக இறக்கினார். அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெங்காயம்தான் என்று இன்றுவரை சொல்கிறார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன்ப்பா, சட்டையெல்லாம் இப்படி நனைஞ்சு கெடக்கு?"

"வேர்க்குது யக்கா. இன்னான்னு தெரியல, உங்கூட்ல எனக்கு எப்பவும் வேர்க்காது. இன்னிக்குதான்."

"அடடா, ஃபேனு! ஞாயித்துக்கிழமைன்னு அவுக அசந்து தூங்குறாக. அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். நம்ம தம்பிதானேன்னு..."

நான் நாற்காலியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். நாற்காலியை ஒட்டியிருந்த பெட்டியைப் பார்த்தோம். அதன் பக்கவாட்டில் சல்லடை மாதிரி இருந்த ஓட்டைகளைப் பார்த்தோம். அத்தனை நாளும் விருந்தாளியின் முகத்துக்குத் திருப்பிய காற்று, பாதி அவருக்கும் பாதி அந்த ஓட்டைகளுக்குமாகத்தான் போயிருக்கிறது. அவர் போனதும் ஃபேன் போகும், காற்று போகும், மெஷின் கொதிக்கும். டம்ளர், தட்டு, 'வாங்க' எல்லாம் போனபின் அவருக்கென்று மிஞ்சியிருந்த கடைசி மரியாதை அந்த ஃபேன். அதையும் எடுத்துவிட்டு, அவரை முழுசாக வீட்டு ஆளாக்கிக்கொண்ட நாள், பார்த்துப் பார்த்து அந்த ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருக்கிறது.

"சூடு" என்றேன்.

"ஓகே சொன்னேனே" என்றார் அண்ணன். ஒரு வடைக்குக்கூடத் தப்பாக ஓகே சொல்லாத மனிதர். அந்த முகத்தைப் பார்த்ததும் என் அழுகை கொஞ்ச நேரம் நின்றுவிட்டது.

அப்புறம் முதல்முறையாக, தெருவே பார்த்திராத அந்த அதிசயம் நடந்தது. அவர் கைவைத்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே, மூளைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டி ஃபேன் சுற்றவே இல்லை. நான் ரேமைக் கழற்றினபோதெல்லாம் மெஷின் அணைந்திருந்ததால் அது எனக்குத் தெரியவில்லை. அம்பத்தூர் ரோட்டுத் தூசி மொத்தமும் அதன் இறக்கைகளுக்கு அடியில் கம்பளி மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. வெர்னியரின் நுனியால் அதைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். வாயால் ஊதினார். ஸ்விட்சைப் போட்டதும் அது விர்ரென்று சுற்றியது. அம்மா கொண்டுவந்த காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

போனில் கேப்டனின் செய்தி வந்திருந்தது. "செம்மயா ஆடின மா. ஆனா சாரி. அந்தப் பையனைப் போட்டுட்டோம்."

"நான் வேணா அவன்கிட்ட பேசட்டா? ஃபேன் மேட்டர சொல்றேன்" என்றார் அண்ணன்.

"என்னன்னு சொல்லுவீங்க? நீங்க விருந்தாளியா இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்னா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். பிறகு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மிச்ச அழுகையை முடித்தேன். ஹாலில் அவர் தரையெல்லாம் தவழ்ந்து வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குக் கூழை ஊற்றிக் கொடுப்பதும், "உப்பு கம்மி, எனக்குத் தெரியும், அவன் நாக்கு அப்டி" என்று அவர் சொல்வதும் கேட்டது.

அதற்குப் பிறகு மெஷின் ஒருநாளும் நிற்கவில்லை. அதுதான் துக்கம். சில வாரங்கள் அவர் ஷிப்ட் முடிந்து எட்டிப் பார்ப்பார்.

"இன்னா பாப்பா, ஆஃப் ஆவுதா?"

"இல்லண்ணே."

"ஒருவாட்டி கூட?"

"இல்லண்ணே, சூப்பரா ஓடுது!"

"ஓகே" என்பார். வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே வர ஒரு காரணம் வேண்டுமே. பழுது பார்க்க வருகிறவருக்குப் பழுது இல்லாத வீட்டில் என்ன வேலை? ஏதோ லேசாகச் சத்தம் வருகிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிக்ஸி புகைகிறது என்று அம்மா சொல்லியிருக்கலாம். எங்களுக்குத் தோன்றவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிச் சொல்லியே அவரை அனுப்பிக்கொண்டிருந்தோம். அப்புறம் கம்பெனியை ஓசூர்ப் பக்கம் மாற்றினார்கள். அவரும் போனார். போகிற அன்று வந்திருக்கிறார், நாங்கள் வீட்டில் இல்லை. டீச்சர்தான் சொன்னார். அன்று மாலை அவர் வீட்டு ஃபிரிட்ஜ் விடாமல் உறுமிக்கொண்டிருந்ததாம்.

டீமில் இடம் அதற்குப் பிறகு காலியாகவே இல்லை. இப்போது முகம் தெரியாத யார் யாரோடோ ஆடுகிறேன். தனியாக மாட்டிக்கொண்டால் ஏதாவது குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறேன். நிறைய தடவை இரண்டாம் இடம் வருகிறது.

இந்த ஆடிக்குக் கூழ் ஊற்ற ஊருக்கு வந்தவர், தூக்கோடு எங்கள் வீட்டு அழைப்பு மணியை அடித்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். பையில் வெர்னியர் இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "வாங்க தம்பி, வாங்க, எத்தனை நாளாச்சு, உக்காருங்க" என்று ஆடாத நாற்காலியை இழுத்துப் போட்டாள். வெள்ளி டம்ளரில் தண்ணீர் வந்தது. தட்டில் அடுக்கி முறுக்கு வந்தது. அவர் ஒன்றை எடுத்தார். அளக்கவில்லை. "நல்லா கீதுங்க" என்றார்.

அறையிலிருந்து சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. அம்மா ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து, அவர் முகத்துக்கு நேரே திருப்பி, உச்சத்தில் வைத்தாள்.

அவர் ஃபேனைப் பார்த்தார். பிறகு டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முடி பறந்துகொண்டிருந்தது. ஓசூரில் குளிர் எப்படி என்று அம்மா கேட்க, பரவாயில்லைங்க என்று அவர் சொல்ல, அப்புறம் பேச ஒன்றும் இல்லாமல் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

நான் எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன்.

"ஏட்டி, என்ன பண்ற? வந்தவுகளுக்கு..."

சமையலறையிலிருந்து முறத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தேன். "அண்ணே, சும்மாதான இருக்கீங்க. பூண்டை உரிங்க."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

"இன்னா யக்கா இது, பூண்டு வாங்கிக்கீற? மொத்தமும் அண்டர்சைஸு. எவன் ஓகே பண்ணான்?"

"அந்த முறத்தை இப்படிக் குடு, நீ ஒண்ணும் உரிக்க வேணாம்" என்றாள் அம்மா. குரல் பழையபடி ஏறியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்து, புருவத்தில் இறங்கி, மூக்கு நுனியில் வந்து நின்றது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.